ஒரு வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும் சார்பு

அனைவருக்கும் வணக்கம். இஸ்ரேல்–பாலஸ்தீனச் செய்திகளை ஊடகங்கள் நடுநிலையோடு தருகின்றனவா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை என்பதே என் கருத்து. ஆனால் அந்தச் சார்பு அப்பட்டமான பொய்யாக வருவது குறைவு. பெரும்பாலும் ஒரு வினைச்சொல்லுக்குள் ஒளிந்தே வருகிறது. நியூயார்க் டைம்ஸ் என்ற ஒரே நாளிதழின் இரண்டு தலைப்புகளை மட்டும் இன்று பார்ப்போம்.

2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனினில், செய்தியாளர் என்பதைக் காட்டும் நீலக் கவச உடையுடன் நின்ற, அல் ஜஸீரா தொலைக்காட்சியின் பாலஸ்தீனச் செய்தியாளர் ஷிரீன் அபூ அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். 'முன்னோடிப் பாலஸ்தீனப் பத்திரிகையாளர் 51 வயதில் மறைந்தார்' என்ற பொருளில் அந்நாளிதழ் தலைப்பிட்டது. நோயில் இறந்தவருக்கும் இப்படித்தானே எழுதுவார்கள்? மறைந்தார், உயிரிழந்தார், கொல்லப்பட்டார் ஆகிய மூன்றில், 'யாரால்?' என்ற கேள்வியை எழுப்புவது மூன்றாவது சொல் மட்டுமே. சுட்டது யார் என்பது அன்று உறுதியாகவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சுடப்பட்டார் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தது. அடுத்த மாதமே, இஸ்ரேலிய இராணுவ வாகனங்கள் நின்ற பகுதியிலிருந்து குண்டு வந்ததாக அதே நாளிதழின் புலனாய்வு கூறியது.

2023 அக்டோபர் 17 அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. காஸா நகரின் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நிகழ்ந்த சற்று நேரத்திலேயே, இஸ்ரேலியத் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் பலியானதாகப் பாலஸ்தீனர்கள் கூறுகின்றனர் என்று தலைப்பு வந்தது. பிறகு 'தாக்குதல்' என்பது 'வெடிப்பு' ஆயிற்று. காஸாவை ஆண்ட ஹமாஸ் அமைப்பின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று ஆசிரியர் குழு அக்டோபர் 23 அன்று ஒப்புக்கொண்டது. பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த ராக்கெட்டையே சான்றுகள் சுட்டுவதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பின்னர் தெரிவித்தது. முதல் தலைப்பை நம்பிப் போராடத் தெருவில் இறங்கியவர்களில் எத்தனை பேர் அந்தத் திருத்தத்தைப் படித்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை இன்றும் உறுத்துகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2023 அக்டோபரில் காஸாவில் போர் தொடங்கியதும் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காஸாவுக்குள் தாமாகச் செல்வதை இஸ்ரேல் தடுத்தது. அதை எதிர்த்த மனுவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. இராணுவத்துடன் சென்றவர்கள், எடுத்த காட்சிகளை அதன் பார்வைக்கு முன்னதாகவே தர வேண்டியிருந்தது. உள்ளிருந்து செய்தி தந்த பாலஸ்தீனப் பத்திரிகையாளர்களோ பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள். அப்படியிருந்தும், 'இத்தகவலைச் சுயமாகச் சரிபார்க்க இயலவில்லை' என்று எழுதும் செய்தி நிறுவனங்கள் பல, ஏன் இயலவில்லை என்பதை அதே பத்தியில் சொல்வதில்லை.