மேலே சதுப்பு, கீழே பீலி

நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் நீண்ட நடைபயணம் என்றால் இப்போது எல்லாரும் பெக்கோ பாதையைத்தான் சொல்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. தோட்டப் பாதைகள்தான், நம் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு நடந்த வழிகள். போகிறவர்கள் தேயிலையைப் படம் எடுக்கிறார்கள். சரி, எடுக்கட்டும். தேயிலை முடிகிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் இந்த மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல் காட்டில் கை வைக்காதீர்கள் என்று ஆலோசனை சொன்னார். ஹோர்ட்டன் சமவெளி பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் நீர் கொடுக்கும் இடம் அது.

அந்த உயரத்துக்குக் கீழே கைவிடப்பட்ட சரிவுகளில் மானாப் புல் முளைத்தது. பல இடங்களில் அதன்மேல் பைனஸ் என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை, காடு போலவே இருக்கும். உள்ளே போய்க் குனிந்து பாருங்கள். ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும், கால் வழுக்கும், கோடையில் ஒரு தீக்குச்சி போதும். பைனஸ் ஊற்றை உறிஞ்சுகிறதா என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. தோட்டத்துப் பெரியவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிறகு நாட்டு மரங்கள் திரும்ப வளர்கிற ஒரு துண்டுக்குள் நுழையுங்கள். சருகைக் கிளறினால் அடியில் ஈரம், கருப்பு மண். நம் புதர்த் தவளைகள் பலவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளியே வரும். குளம் தேவையில்லை, ஆனால் அந்த ஈரம் இல்லாவிட்டால் முட்டை காய்ந்துவிடும். எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்ற கணக்கை விட, தவளைச் சத்தம் எனக்கு நம்பிக்கையான சாட்சி.

சதுப்புதான் பாவம். மரம் நட ஆள் வருகிறது, விழா நடக்கிறது. சேற்றுக்கு யார் விழா எடுப்பார்கள்? மேல் மரங்களின் இலையும் பாசியும் பிடித்துச் சொட்டவிடும் மூடுபனி நீர் இந்தப் பள்ளங்களில் தங்கி, மெதுவாகக் கசிந்து இறங்குகிறது. தோட்டத்து லயன் வீடுகளின் பீலியில், அதாவது தண்ணீர்க் குழாயில், விழுவது அந்தத் தண்ணீர்தான். ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் முட்செடி ஒன்று உண்டு, யூலெக்ஸ் என்பார்கள். பார்க்க அழகு. ஆங்கிலேயர் கொண்டுவந்தது, பிடுங்கினாலும் விதை மண்ணில் பல வருடம் காத்திருக்கும். தொண்டர்கள் பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். முடிந்தால் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவரையே கூப்பிடுங்கள். எந்த ஊற்று மாசி பங்குனியில் வற்றும், எது வற்றாது என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதங்களிலேயே போங்கள். பைனஸ் சரிவின் ஓடை ஒன்று, காட்டுச் சரிவின் ஓடை ஒன்று, இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த நீண்ட காலுறை போதும். உப்பை மட்டும் சதுப்பில் கொட்டிவிடாதீர்கள், தவளைக்கு ஆகாது.

வணக்கம்.