சணப்பை பூத்தாச்சு, மடக்கி விடலாமா?

வணக்கம் மக்களே. பின்னால் மஞ்சளாகத் தெரிகிறதே, அது சணப்பை, மண்ணுக்கு உரமாக்கவே வளர்க்கிற செடி. இப்போதுதான் பூக்க ஆரம்பித்திருக்கிறது, இன்றைக்கு வெட்டி மண்ணுக்குள் மடக்கப் போகிறேன். "இவ்வளவு அழகாகப் பூத்ததைப் போய் வெட்டுவார்களா" என்று அம்மாவுக்கு வருத்தம். பூத்த கையோடு மடக்கினால்தான் உரம். காய் பிடிக்க விட்டால் தண்டு நாராகி, மக்க நாளாகும்.

வீடு கட்டி முடித்தபோது இந்த இடம் வெறும் கட்டாந்தரை. எங்கள் பண்ருட்டிப் பக்கம் நல்ல செம்மண்தான். ஆனால் லாரி ஏறி இறங்கி, சிமென்ட் கலவை கொட்டி இறுகிப்போய், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடியது. அதில் கத்தரி நாற்றை நட்டு என்ன பிரயோஜனம்? ஜல்லியைப் பொறுக்கி, கடப்பாரையால் கொத்தி, சாணம் போட்டு, கோடை மழைக்குச் சணப்பையைத் தூவினேன்.

சரி, ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டுகிறேன். வேரில் உருண்டை உருண்டையாக இருக்கிறதல்லவா, அதுதான் வேர்முடிச்சு. நகத்தால் கீறினால்... பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கொத்தும்போதெல்லாம் மனதில் ஓடியது அப்பர் தேவாரம். "மெய்ம்மையாம் உழவைச் செய்து விருப்பெனும் வித்தை வித்தி" என்று தொடங்கும். அப்புறம் பொய் களை, பொறுமை தண்ணீர் என்று போகும். கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர் அல்லவா, வரிசை தப்பவில்லை. உழவுக்கு அப்புறம்தான் விதை.

களை என்றால் எங்கள் ஊரில் கோரைதான். மேலே அறுத்தால் கிழங்கிலிருந்து மறுபடி தலைகாட்டும். பக்தியில் கோரை எது என்று கேட்டால், நாலு பேர் பார்க்கக் கும்பிடுவது என்பேன்.

ஆனால் நான் அப்பரைவிட அவருடைய அக்காவைத்தான் அதிகம் நினைப்பேன். தம்பி சமணத்துக்குப் போய்விட்டார். திலகவதியார் இதோ, பக்கத்தில் இருக்கிற திருவதிகைக் கோயிலில் விடியுமுன் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டிருந்தார் என்கிறது பெரியபுராணம். தம்பிக்காகச் சாமியிடம்தான் முறையிட்டார், தம்பியிடம் வாதாடப் போகவில்லை. சூலை நோய் என்கிற கடும் வயிற்று வலி தாங்காமல் தம்பி தேடி வந்து காலில் விழுந்த அன்றைக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். அதுவரைக்கும் அந்த அம்மாவிடம் விளைச்சல் என்று காட்ட என்ன இருந்தது?

அதனால்தான் "இத்தனை நாள் விளக்குப் போடு, இது கிடைக்கும்" என்கிற கணக்கு எனக்கு ஒட்டுவதில்லை. சாயங்காலம் விளக்கேற்றி ஒரு பதிகம் படிக்கிறேன். பல நாள் மனம் அடுப்பில் இருக்கிற குழம்பில்தான் இருக்கும். இருக்கட்டும், அதுவும் சணப்பை மாதிரி உள்ளே மடங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மடக்கின பிறகு ஈரம் காயாமல் ரெண்டு வாரமாவது மக்க விட வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு அவரை, பீர்க்கன், சுரை போடலாம் என்று இருக்கிறேன். பந்தலுக்குக் கம்பி கட்டினால் வெயிலில் சுட்டுக் கொடி கருகும், மூங்கில் போடு என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. மூங்கில் விலை கேட்டுவிட்டுத்தான் முடிவு. நீங்கள் எதில் பந்தல் போட்டிருக்கிறீர்கள்?