காசோலை யார் பெயருக்கு வந்தது?

விவசாயத் தோழர்களே, வணக்கம்.

மானியத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு கோவேறு கழுதையிலிருந்து தொடங்குகிறேன்.

1933 கோடை. அமெரிக்காவின் அர்கன்சா மாநிலம், பாயின்செட் கவுண்டி. கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் தாலுகா, மாவட்டம் மாதிரி. வயலில் பருத்தி வளர்ந்து நிற்கிறது. அதை அழித்துவிடுங்கள், ஏக்கருக்கு இவ்வளவு தருகிறோம் என்றது அரசாங்கம். 1929இல் பவுண்டுக்கு 17 சென்ட் அளவில் போன பஞ்சு, 1932இல் 6 சென்ட் சுற்றி வந்து நின்றுவிட்டது. வரத்தைக் குறைத்தால்தான் விலை ஏறும் என்று கணக்குப் போட்டார்கள். தெற்கு மாநிலங்களில் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை மடக்கி உழுதார்கள். ஏர் பூட்டிய கோவேறு கழுதைகள் செடி வரிசைக்குள் கால் வைக்க மறுத்தன என்று சொல்வார்கள். செடியை மிதிக்காதே என்று அடித்துப் பழக்கிய ஜீவன்கள். திடீரென்று மிதி என்றால் அவற்றுக்கு எப்படிப் புரியும்?

சரி, பணம் வந்தது. யாருக்கு? நிலம் பெரிய பண்ணைக்காரர்களுடையது. உழுதவர்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பங்கள். விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு. மீதிப் பாதியில் பண்ணைக் கடையில் வாங்கிய மாவுக்கும் மளிகைக்கும் கடன் கழியும். அடுத்து வந்த ஒப்பந்தத்தில், தரிசாக விட்ட நிலத்துக்கு அரசு கொடுத்தது பவுண்டுக்கு நாலரை சென்ட். அதில் நாலு சென்ட் நிலத்துக்காரருக்கு. வாரத்துக்கு உழுதவருக்கு அரை சென்ட், அதுவும் நிலத்துக்காரர் கை வழியாக. கடன் நோட்டும் அவர் கையில்தான். கடைசியில் என்ன தேறியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிர்ப் பரப்பு குறைந்தால் ஆள் எதற்கு? குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். குடிகளை 'முடிந்த வரையில்' வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு சொன்னது. முடியவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது!

1934 ஜூலையில் டைரான்சா ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 11 வெள்ளையர்களும் 7 கறுப்பர்களும் கூடி, தெற்கத்திக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்காத மண்ணில், ஒரே சங்கம்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அடி விழுந்தது, கூட்டங்களைக் கலைத்தார்கள், அவர்கள் விடவில்லை. வாஷிங்டனில் ஜெரோம் ஃபிராங்க் என்ற அரசு வழக்கறிஞரும் அவருடைய குழுவும், அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவுக்கு விளக்கம் கொடுத்தார்கள். 1935 பிப்ரவரியில் அவருக்கும் கூட இருந்த சிலருக்கும் வேலை போயிற்று.

அதோடு முடிந்த கதை இல்லை. 1996இல் வந்த சட்டம், நிலத்தின் பழைய பயிர்க் கணக்கைப் பார்த்துப் பணம் கொடுத்தது. இந்த ஆண்டு விதைக்காவிட்டாலும் பணம். டெக்சாசில் ஒரு காலத்தில் நெல் விளைந்த இடங்களில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்கும் நெல் மானியம் போனது. 2000க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்குப் போன தொகை 130 கோடி டாலர் என்று 2006இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அந்த நேரடித் தொகையை 2014இல்தான் நிறுத்தினார்கள்.

அப்புறம், நம் ஊர். பிஎம் கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. குத்தகைக்கு உழுது, நாற்று நட்டு, மழையில் நனைந்த நெல்லைக் காயப் போடுகிறவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969இலேயே நம்மிடம் சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டால் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் கேட்பதே இல்லை. தனியாகப் போனால் பயம் இருக்கும். இங்கே குத்தகைக்கு உழுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். மனுக்களை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்தே தாலுகா ஆபீசுக்குப் போவோம்.