ரிசப்ஷன் மேடையில் இரண்டு நிமிட வாழ்த்துரை

[காட்சி: வடபழனியில் ஒரு கல்யாண மண்டபம். பாட்டு முடிகிறது. பாடகர் மைக்கை நீட்டுகிறார்.]

"மாப்பிள்ளையின் நண்பர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று அறிவித்தாயிற்று. மணி இரவு எட்டரை. மொய்க் கவரோடு மேடை ஏறும் வரிசை வாசல் வரை நிற்கிறது. மாடியில் அடுத்த பந்திக்கு இலை போடுகிறார்கள். இந்தக் கூட்டம் உங்களுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே பெரிது.

நீண்ட வாழ்த்துரைக்கும் நம்மிடம் மரபு உண்டு. சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதர் கிடையாது; தலைவர்களின் பேச்சுக்குத்தான் முதலிடம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் வந்த சட்டத் திருத்தம் அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. ஆனால் அங்கே மக்கள் பேச்சைக் கேட்கவே உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அப்படியல்ல.

[காட்சி: பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள்.]

மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், திடீர்த் தலைப்புப் பேச்சுக்கு ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு எரியும்; ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. மண்டபத்தில் விளக்கு இல்லை. கீபோர்டு வாசிப்பவர் அடுத்த பாட்டுக்குச் சுருதி பார்க்கத் தொடங்கினால் அதுதான் சிவப்பு.

சரி, எதைப் பேசுவது? "மாப்பிள்ளை நல்லவர், பண்பானவர், உழைப்பாளி." இதை எந்த மாப்பிள்ளைக்கும் சொல்லலாம், அதனால் யாருக்கும் சொன்னதாகாது. நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். இப்படி:

"2015 டிசம்பர். சைதாப்பேட்டையில் தெருவெல்லாம் வெள்ளம். இவன் பைக் மூழ்கிக்கொண்டிருந்தது. இவனோ எதிர்வீட்டுப் பாட்டியின் மாத்திரை டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். சகோதரி, இனி உங்கள் பொருள் எதுவும் நனையாது."

அவ்வளவுதான். கடைசி வாக்கியம் மணமகள் பக்கம் திரும்பியதைக் கவனியுங்கள். பாதிக் கூட்டம் பெண் வீட்டார். கல்லூரி விடுதிக் கதையையே நீட்டினால் அவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். பழைய காதல், கடன், குடி பற்றிய நகைச்சுவை அறவே வேண்டாம். முன்வரிசையில் மாமனார் இருக்கிறார்.

[காட்சி: மைக்கைப் பிடித்த கை, மிக அருகில்.]

மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்கில் நுழைந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதால்தான் அந்தக் காதைக் கிழிக்கும் 'கீச்' வருகிறது. "ஹலோ, ஹலோ, கேட்கிறதா?" என்பதும் தேவையில்லை. இப்போதுதானே அதில் பாடினார்கள்!

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று முடிக்கலாம், தவறில்லை. மைக்கைப் பாடகரிடம் கொடுத்துவிட்டு, வரிசை ஏறிவரும் படியை விட்டு மறுபக்கமாக இறங்குங்கள்.