பாம்புக்குப் பால், பட்லருக்கு ஒரு வரி

அடுத்த கேள்வி பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பள்ளியில் படிக்கும்போதே முடித்துவிட்டேன். குற்றவாளி யார் என்று தெரிந்த கதையை மறுபடி படிப்பதில் என்ன இருக்கிறது? இன்னொரு சந்தேகம், வாட்சனுக்குக் குண்டு பட்டது தோளிலா, காலிலா?"

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். 1887-இல் வந்த முதல் நாவலில் தோள், 1890-இல் வந்த இரண்டாவதில் கால். மூன்றே வருஷத்தில், எழுதிய கோனன் டாயிலே மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். போன மாதம் 'தி ஸ்பெக்கிள்டு பேண்ட்' என்ற அந்தப் பாம்புக் கதையை மறுபடி எடுத்தேன், 1892-இல் வந்தது. கதையின் வில்லன் டாக்டர் ராய்லாட் பாம்புக்குத் தட்டில் பால் வைத்துப் பழக்கி, விசில் அடித்துத் திரும்பக் கூப்பிடுவார். சின்ன வயதில் எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் ஒரு புற்று உண்டு. ஆடி வெள்ளியில் ஆயா சொம்பில் பால் கொண்டுபோய் ஊற்றி, பக்கத்தில் ஒரு முட்டையும் வைக்கும். சாயங்காலம் பார்த்தால் பால் இருக்காது. மண் குடித்திருக்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? பால் தட்டைப் பார்த்ததும் ஹோம்ஸுக்குப் பாம்புதான் என்ற சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. அந்த விஷயத்தில் அவரும் எங்கள் ஆயாவும் ஒரே கட்சி.

இந்திய மிருகங்கள் மேல் ஆசை என்று சொல்லி அந்த டாக்டர் ஒரு பபூன் குரங்கை வேறு வளர்ப்பார். பபூன் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துக் குரங்கு. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

ஆனால் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ராய்லாட் கல்கத்தாவில் டாக்டராக இருந்தபோது, வீட்டில் ஏதோ திருட்டுப் போன கோபத்தில், தன் இந்திய பட்லரை அடித்தே கொன்றவர். தூக்குக்குத் தப்பி, ஜெயிலில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்புகிறார். இவ்வளவும் கதையில் உண்டு, சிறுவனாக நான் தாண்டிக் குதித்துப் போன இடம். பட்லருக்குப் பெயர்கூடக் கிடையாது. டாக்டர் முன்கோபி என்று நமக்குக் காட்ட ஓர் ஆள் செத்திருக்கிறார்.

இதைச் சொல்வது, ஹோம்ஸிடம் உதவி கேட்டு வந்த ஹெலன், ராய்லாட் மனைவியின் முதல் கல்யாணத்து மகள். ஹோம்ஸ் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவள் இடது கையில் ஏழு இடத்தில் சேறு தெறித்ததைக் கொஞ்சம் முன்னால்தான் கவனித்துச் சொன்னவர். திருடியது அந்த பட்லர்தானா என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.

தம்பி, நீங்களும் இந்தக் கதையிலிருந்தே ஆரம்பியுங்கள். அடுத்த கேள்வி...