இரண்டு பேருக்கு ஒரு தூண்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது மண்புழுவும் தக்கையும் குளக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளும்தான். நான் இன்று பேச வந்த தூண்டில் வேறு. இதில் புழு கிடையாது, தக்கை கிடையாது, உட்காரவும் முடியாது. சின்ன முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து, அதை ஓடும் நீரில் மிதக்கவிட்டு டிரவுட் மீனை ஏமாற்றும் வித்தை இது. ஃபிளை ஃபிஷிங் என்று பெயர். டிரவுட் குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே வாழும் மீன். ஆங்கிலேயர்கள் அதை நம் நீலகிரிவரை கொண்டுவந்து, அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். ஆனால் இந்த வித்தையின் ஊர் இங்கிலாந்து. ஆகவே அங்கேயே போவோம்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே இறகுப் பூச்சிக்கு எடையே இல்லை, கயிறுதான் கனம். கோலைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுதாக நீளும்வரை பொறுத்து, அதன் பிறகே முன்னால் வீச வேண்டும். புதியவர்களுக்கு அந்த ஒரு நொடிப் பொறுமை வராது. அவசரப்பட்டு வீசி, பூச்சியைத் தங்கள் தொப்பியிலேயே மாட்டிக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் நடப்பது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் ஒருவர் நின்று "இப்போது வீசுங்கள்" என்று சொல்ல வேண்டும். தனிமை விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று பெயர் வாங்கிய இந்த வித்தையை, தனியாகக் கற்றுக்கொள்வது மிகக் கடினம்.

கற்றுத் தேர்ந்த பிறகும் இதே கதைதான். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, தலையை மேல்நோக்கி வைத்து நிற்கும். பிடிப்பவர் அதன் வாலுக்குப் பின்னால், தாழ்வாக, இடுப்பளவு நீரில் நிற்பார். அவர் கண்ணில் படுவதெல்லாம் வானத்தின் பளபளப்பு. மேட்டுக் கரையில் நிற்கும் நண்பருக்கோ மீன் தெளிவாகத் தெரியும். "இடப்பக்கம், அந்தக் கல்லுக்கு ஒரு முழம் மேலே" என்று அவர் குரல் கொடுப்பார். அதனால்தான் பல நண்பர்கள் இருவருக்கு ஒரே கோலுடன் ஆற்றுக்குப் போகிறார்கள். மீன் மாட்டினாலும் சரி, தப்பினாலும் சரி, கோல் கை மாறும். கரையில் நிற்பவருக்கு இதில் குறைவான இன்பம் என்று நினைக்காதீர்கள். மீன் எழும்பி வருவதை முழுதாகப் பார்ப்பவர் அவர்தான்.

இந்த வகை நட்புக்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 17-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ஐசக் வால்டன் லண்டனில் கடை நடத்திய வணிகர், 1593-இல் பிறந்தவர். சார்லஸ் காட்டன் டவ் ஆற்றங்கரையில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, கவிஞர், ஓயாத கடன்காரர், 1630-இல் பிறந்தவர். வயதில் 37 ஆண்டு இடைவெளி. பிறப்பிலும் பிழைப்பிலும் அதைவிடப் பெரிய இடைவெளி. வால்டன் 1653-இல் மீன்பிடித்தல் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் பதிப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கும் நூல்களில் ஒன்று. ஆனால் அவருடைய பலம் புழுவிலும் இரையிலும் இருந்தது. இறகுப் பூச்சி விஷயத்தில், தாமஸ் பார்க்கர் என்ற சமையற்காரர் சொன்னதைத்தான் பெரும்பாலும் எடுத்தாண்டார். அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

1676-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது வால்டன் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. எண்பதைக் கடந்த, பெயர்பெற்ற ஆசிரியர், தன் நூலின் இரண்டாம் பாகத்தை இளைய நண்பரின் கையில் கொடுத்துவிட்டார். இறகுப் பூச்சியைப் பற்றி நீ எழுது என்று விட்டுவிட்டார். காட்டன் பத்து நாளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் எழுதி முடித்தார். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறக்கும், அதை எந்த விலங்கின் முடியால், எந்தப் பறவையின் இறகால் கட்டுவது என்று மாதவாரியாகப் பட்டியல் போட்டார். கயிறைச் சுற்றிவைக்கும் சக்கரத்தை அன்று டிரவுட் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. குதிரைவால் முடிதான் கயிறு. முள்ளுக்கு அடுத்த பகுதியில் இரண்டே முடி வைத்து, தடையில்லாத ஆற்றில் இருபது அங்குல டிரவுட்டைப் பிடிக்கத் தெரியாதவன் தூண்டில்காரன் என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று அடித்துச் சொன்னார். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

அதற்கு முன்பே, 1674-இல், காட்டன் ஆற்றோரம் ஒரு சிறு கல் வீடு கட்டியிருந்தார். வாசலுக்கு மேலே இருவருடைய பெயரின் முதலெழுத்துகளையும் ஒன்றோடொன்று பின்னிச் செதுக்க வைத்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. காட்டன் எழுதிய பாகத்தின் கையெழுத்துப் பிரதி கிடைத்ததும் வால்டன் எழுதிய கடிதத்தின் சாரம் இது: உன்னிடமிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறேன், வயது எண்பத்து மூன்று நடக்கிறது; இரண்டையும் மறந்துவிட்டு, அடுத்த மாதம் உன்னைப் பார்க்கப் புறப்படுகிறேன். அன்புள்ள தந்தையும் நண்பரும் என்று கையொப்பமிட்டார். பெற்ற உறவு எதுவும் இருவருக்கும் இல்லை.

இந்தக் கலைக்குப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற கெட்ட பெயரும் உண்டு. நியாயமாகவே வந்த பெயர்தான். தெற்கு இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றில் 1822-இல் தொடங்கிய ஹவுட்டன் கிளப்பில் உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கரையையே வேலி போட்டு வைத்துக்கொண்டு நட்பைப் பற்றிப் பேசுவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

அமெரிக்காவில் நடப்பது வேறு. 1996-இல் வெர்மான்ட் மாநிலத்தில் காஸ்டிங் ஃபார் ரெக்கவரி என்ற அமைப்பு தொடங்கியது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களைச் சில நாள் ஆற்றோரம் தங்கவைத்து, கட்டணமில்லாமல் இதைக் கற்றுத்தருகிறார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது: அறுவைச் சிகிச்சைக்குப் பின் விறைத்துப்போகும் தோளுக்கும் கைக்கும் இந்த வீச்சு மென்மையான பயிற்சி. ஒரே நோயைக் கடந்து வந்தவர்கள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கோலைப் பிடித்து, ஒருவர் தொப்பியில் மாட்டிய பூச்சியை மற்றவர் எடுத்துவிடுகிறார்கள். கடைசி நாள் ஆற்றில் இறங்கும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு தன்னார்வலர் நிற்பார். அவரும் மீன் பிடிப்பவர்தான். அன்று மட்டும் அவருடைய வேலை, எங்கே வீசுவது என்று காட்டுவதும் வலையை ஏந்துவதும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.