விலகிச் சென்றவரை மீண்டும் அழைக்கும் உரிமை
(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே,

படையில் சேர்ந்த ஒருவர் சீருடையைக் களைந்து வீடு திரும்பியதும் அவருடைய கடப்பாடு தீர்ந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். பல நாடுகளின் சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. விலகியவரை மீண்டும் அழைக்கும் உரிமை ஓர் அரசுக்கு இருக்கலாம். ஆனால் அது எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிலைமையில், யாருடைய ஆணையால் என்பதை அவர் சேரும் நாளிலேயே தெளிவாகச் சொல்லாதவர்களுக்கு அவரை அழைக்கும் தகுதி இல்லை. இன்று நான் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு 1973 இல் நின்றுவிட்டது. எனினும் அங்கே முதன்முறை ஒப்பமிடுபவர் பொதுவாக ஏற்கும் கடப்பாடு மொத்தம் 8 ஆண்டுகள். 4 ஆண்டுகள் முழுநேரப் பணி செய்து விலகுபவர், எஞ்சிய ஆண்டுகளில் சேமப்படைப் பட்டியலில் பெயரளவில் இருப்பார். ஈராக் போருக்கு ஆட்கள் போதாமற்போன 2004 இல், அந்தப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 5,600 பேரை அழைக்கப்போவதாகத் தரைப்படை அறிவித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களை வெளியேற விடாமல் நிறுத்திவைக்கும் ஆணையும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. இரண்டுக்கும் சட்டத்தில் இடமிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் நான்கு என்ற எண்ணை உரக்கச் சொல்லி, எட்டு என்ற எண்ணைப் படிவத்தின் உள்ளே விட்டுவைத்தால், அந்த ஒப்பத்தை முழுச் சம்மதம் என்று என்னால் ஏற்க இயலாது.

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளும் முழுநேரச் சேவையை முடித்தபின், சாதாரண நிலையினராயின் 40 வயது வரையும், அதிகாரிகளாயின் 50 வயது வரையும், ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாட்கள் பயிற்சிக்கு அழைக்கப்படலாம். சுமை பெரிதுதான், மனச்சாட்சியின்படி மறுப்பவருக்கு அங்கே சிறையே கிடைக்கிறது, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் கடப்பாடு எந்த வயதில் முடியும் என்பது தாய்க்கும் தெரியும், மகனுக்கும் தெரியும், வேலை கொடுப்பவருக்கும் தெரியும்.

நம் நாட்டில் கட்டாய இராணுவ சேவை ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை. 1949 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் சேமப்படைக்கு இடமளிக்கிறது. சட்டப்புத்தகத்தில் இருப்பது இது. நம் மாவட்டம் பட்டது வேறு.

1989 இல், இந்திய அமைதிப்படை இங்கிருந்த காலத்தில், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஒரு படையைத் திரட்டுவதற்காக வடக்குக் கிழக்கெங்கும் இளைஞர்கள் வீதிகளில் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பிள்ளை பிடிக்கிறார்கள் என்று சொல்லி மகன்மாரை வீட்டுக்குள் ஒளித்துவைத்த தாய்மார் இந்த அவையிலும் இருக்கக்கூடும். 1990 மார்ச் 24 அன்று அமைதிப்படையின் கடைசிக் கப்பல்கள் நமது துறைமுகத்தை விட்டுப் போயின. பிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்க அதன்பின் எவரும் இருக்கவில்லை.

2004 இல் நடந்தது இதைவிட நம் தலைப்புக்கு நெருக்கமானது. விடுதலைப் புலிகள் இயக்கம் பிளவுபட்டு, ஏப்ரல் மாதம் பெரிய வெள்ளியன்று வெருகல் ஆற்றங்கரையில் இரு தரப்பும் மோதின. கிழக்குப் படையணி கலைக்கப்பட்டு, சிறுவர் சிறுமியர் பலர் வீடு சேர்ந்தனர். சில வாரங்களுக்குள், போனவர்கள் திரும்பி வரவேண்டும் என்று இயக்கம் கிராமங்களில் கூட்டம் வைத்துப் பெற்றோரிடம் சொல்லத் தொடங்கியது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளும் ஊரூராகச் சென்றன. அந்த அழைப்புக்குப் பின்னால் சட்டம் இல்லை, கால எல்லை இல்லை, முறையிட ஓர் இடமும் இல்லை. அழைக்கப்பட்டவர்களில் பலர் முதன்முறை கொண்டுசெல்லப்பட்டபோதே பதினெட்டு வயதை எட்டாதவர்கள். ஆயுத மோதலில் சிறுவர்களை ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐக்கிய நாடுகளின் விருப்ப நெறிமுறை, அரசு அல்லாத ஆயுதக் குழுக்களும் பதினெட்டு வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. ஒரு குழந்தையின் கடப்பாடு என்று ஒன்று தொடங்கவே முடியாதபோது, அதை நிறைவேற்ற மீண்டும் வா என்று அழைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவும் இல்லை. இலங்கையின் முன்னாள் படையினர் பலர் முகவர்களை நம்பி ரஷ்யாவுக்குச் சென்று உக்ரைன் போர்முனையில் சிக்கிக்கொண்டமை 2024 இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2022 செப்டெம்பர் 21 அன்று ரஷ்யா பகுதி அணிதிரட்டலை அறிவித்தபோது, படையினரின் ஒப்பந்தங்கள் அந்த அணிதிரட்டல் முடியும்வரை தொடரும் என்றும் ஆணையிட்டது. ஓராண்டு என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டவர் ஓராண்டில் வீடு திரும்ப முடியாமற்போகலாம் என்பதே இதன் பொருள். ஆகவே சட்டத்தரணிகளிடம் நான் கேட்பது இது: மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தோடு ஒரு குடும்பம் உங்களிடம் வந்தால், சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன், அது எந்த நாளில் முடிகிறது, அந்த நாளை நீட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் தேடி எடுத்து, அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.